வெங்கடம்மாவுக்குச் சொன்ன வாய்தா

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு,

வேலையை விட்டுப் போகிறவர்கள் தங்கள் அனுபவத்தில் ஏதாவது ஒன்றை எழுதித் தர வேண்டும் என்று நம் ஊழியர் சங்கத்தார் கேட்கிறார்கள். எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லோரும் தலைமுடி நரைக்கும்வரை உழைத்து ஓய்வு பெற்றவர்கள். இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று உறுதியாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த உறுதி கிடையாது. முன்சீப் கோர்ட்டில் நான் டைப்பிஸ்டாக இருந்தது சில வருஷங்கள்தான். கைக்குழந்தையோடு சேர்ந்தேன். இப்போது இரண்டாவது குழந்தை வயிற்றில் இருக்க, என் வீட்டுக்காரருக்குத் தெற்கே மாற்றல் ஆகிவிட்டதால் விலகுகிறேன். பஸ் ஏறிய பிறகு, வீட்டைப் பூட்டினேனா என்று யோசிக்கிற சுபாவம் எனக்கு. கையெழுத்துக்குப் போன காகிதத்தைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை படித்து ஹெட் கிளார்க்கிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆகவே இதை அறிவுரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சரியாக நடந்துகொண்டேனா என்று எனக்கே இன்னும் தெரியாத ஒரு விஷயத்தை, அதே இடத்தில் நாளைக்கு நீங்கள் நிற்க நேரலாம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

நம் கோர்ட்டுக்கு வரும் சில்லறைக் கடன் வழக்குகள் இதற்குள் உங்களுக்குப் பழகியிருக்கும். கடன் வாங்கியவர், “வாங்கினது நிஜம், ஒரேயடியாகத் தர முடியாது” என்று ஒப்புக்கொண்டால், மாதா மாதம் இவ்வளவு என்று கோர்ட்டில் கட்டும்படி முன்சீப் உத்தரவு போடுவார். உத்தரவின் கடைசியில் ஒரு வரி வரும். ஒரு தவணை தவறினாலும் பாக்கி முழுவதையும் உடனே வசூல் செய்துகொள்ளலாம் என்பது அந்த வரி. வசூல் என்றால் கோர்ட்டு அமீனா வீட்டுக்குப் போவார், இருப்பதை ஜப்தி செய்வார், பிறகு ஏலம். அந்த வரியை என் விரல்கள் தாமாகவே அடித்துவிடும். அது எந்த வீட்டு வாசலில் போய் விழுகிறது என்று நான் பார்த்ததில்லை, வெங்கடம்மாவின் வழக்கு வரும்வரை.

வெங்கடம்மா எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள். என் வீட்டுக்காரர் மத்திகிரி கால்நடைப் பண்ணையில் கம்பவுண்டர். பண்ணைக்குப் பின்னாலுள்ள வாடகை வீடுகளின் வரிசையில் நாங்கள் இருந்தோம். வெங்கடம்மா இரண்டு பசு வைத்திருந்தாள். விடிந்ததும் எங்கள் வரிசைக்கு ஊற்றிவிட்டு, மீதியை டவுனுக்கு எடுத்துப் போவாள். அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன், வந்தால் உண்டு. சொந்த நிலம் கிடையாது. வீட்டில் பேச்சு தெலுங்கு, வாடிக்கைக்காரர்களிடம் தமிழ், சந்தையில் கன்னடம் என்று எல்லாவற்றையும் அரைகுறையாகக் கலந்து சமாளிப்பாள். என் பையன் அப்போது முழுக்க அந்தப் பசும்பாலில்தான் வளர்ந்துகொண்டிருந்தான்.

அவள் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கடனுக்கு வாங்கிய கடைக்காரர்தான் பிராது கொடுத்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே ஒரு மண்டிக்காரர் இருந்தார். பல மாதம் வழக்கு இழுத்தது. வெங்கடம்மாவுக்கு வக்கீல் இல்லை. கோர்ட்டு வளாகத்துப் புளியமரத்தடியில் நின்று, டபேதார் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஓடி வந்து கும்பிட்டு, “தவணை குடுங்க சாமி” என்பாள். இன்னொரு தேதி சொல்லி அனுப்புவார்கள். முன்சீப் கடைசியாக உத்தரவு போட்ட நாளில், எழுதிக்கொள்வதற்காக நானும் ஹாலில் இருந்தேன். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி எட்டு ரூபாய். அவர் தமிழில்தான் சொன்னார், ஆனால் வேகமாகச் சொல்கிறவர்.

பிரதிவாதி தெலுங்குக்காரி என்பதால், பெஞ்சு கிளார்க் எழுந்து அவளுக்கு விளக்கினார். அவர் சித்தூர் பக்கத்துக்காரர், தெலுங்கைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அன்றைக்கு வழக்குகள் நிறைய. சுருக்கமாகச் சொன்னார்.

“நெலக்கு ஒக்க வாயிதா. தப்பிதே மொத்தம் ஒக்கசாரிகா கட்டாலி. அர்த்தமயிந்தா?”

மாதம் ஒரு தவணை, தவறினால் மொத்தத்தையும் ஒரே முறையாகக் கட்ட வேண்டும், புரிந்ததா என்று அதற்கு அர்த்தம்.

“அயிந்தி சாமி” என்றாள் வெங்கடம்மா. கைநாட்டு வைத்தாள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்தவளின் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

“அம்மா, எங்க சாமி கண்ணு தொறந்துருச்சு. மாசம் ஒருக்கா வந்து நின்னாப் போதும்னுட்டாங்க.”

“வந்து நின்னாப் போதுமா? யார் சொன்னது?”

“தொரைக்கு முன்னால உக்காந்திருக்காரே, அந்தச் சாமிதான். நெலக்கு ஒக்க வாயிதா. நீங்களும் அங்கதான இருந்தீங்க? ஒரு வாய்தாவுக்கும் தப்பக் கூடாதாம். தப்புனா மொத்தத்தையும் ஒரேயடியா வெக்கணுமாம். நான் எங்கம்மா தப்பறேன்? மழையானாலும் போயி நின்னுக்க மாட்டனா?”

பெஞ்சு கிளார்க்கின் தெலுங்கில் வாயிதா என்றால் தவணைப் பணம். மாதக் கணக்கில் கோர்ட்டு மரத்தடியில் நின்றவளுக்கு வாய்தா என்றால், வந்து நின்று அடுத்த தேதி வாங்கிப் போகிற நாள். அவர் சொன்னதும் சரி, இவள் கேட்டதும் சரி. இன்னும் மோசம், அந்த வாக்கியம் முழுவதுமே இரண்டு அர்த்தத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

“எட்டு ரூபாய்னு முன்சீப் சொன்னாரே, காதுல விழலையா?”

“அது கேசுச் செலவுங்கம்மா. கடைசியில சேத்து வாங்கிக்குவாங்க.”

“இல்லை வெங்கடம்மா, அது தவணை.”

“ஆமாங், தவணைதான் குடுத்திருக்காங்க. அதைக் கேட்டுத்தான நான் அத்தினி நாளும் கும்புட்டுக்கிட்டு நின்னது?”

அவள் பேச்சில் தவணை என்றால் கெடு. பணம் கேட்காமல் விட்டுவைக்கிற காலம். நான் வேறு சொல் தேடினேன்.

“கிஸ்தி மாதிரி, வெங்கடம்மா. கிஸ்தி கட்டறதில்லையா?”

“எனக்கு ஒரு செண்டு நெலம் இல்லியே. எங்கிட்ட எதுக்குக் கிஸ்தி?”

அவளுக்குக் கிஸ்தி என்றால் நிலவரி. உள்ளே பையன் அழ ஆரம்பித்துவிட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, தையல் மெஷினுக்கு மாதா மாதம் கட்டுவதைக் கந்து என்று சொல்வார். கன்னடத்தில் அது தவணைதான். வெங்கடம்மாவுக்குக் கன்னடமும் தெரியுமே என்று ஒரு பளிச்சிடல்.

“கந்து! மாசா மாசம் கந்து கட்டணும்னு உத்தரவு.”

அவள் பால்கேனைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கந்தா? கோர்ட்டே கந்து வட்டி போட்டுருச்சா?”

“ஐயோ, வட்டி இல்லை, நான் சொல்ல வந்தது...”

“தொரை ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நீங்க அங்க டக்கு டக்குனு அடிக்கறவங்கதான? தீர்ப்புச் சொல்றவங்க இல்லியே!”

கேனை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாளைக்குக் காலையில் அதற்கு எந்தப் பேரும் வைக்காமல், ‘பத்தாம் தேதி எட்டு ரூபாயைக் கவுண்டரில் கட்டு, இல்லாவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள்’ என்று நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன். அதற்குள் என் வாயை அடைத்துவிட்டார்கள்.

மத்தியானம் ஹெட் கிளார்க் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேஜைக்குப் பக்கத்தில் கடைக்காரர் நின்றிருந்தார்.

“என்னம்மா, கோர்ட்டு கந்து வட்டி போட்டுதுன்னு சொன்னீங்களாமே?”

“தெருவெல்லாம் பேச்சாயிருச்சுங்க” என்றார் கடைக்காரர். “என்னைக் கந்து வட்டிக்காரன்கறாங்க. யாரு சொன்னதுன்னா, டைப்பிஸ்டம்மாவே சொன்னாங்களாம். பால் வாங்கற எடம், பாசம் இருக்கத்தானே செய்யும்.”

“அந்தம்மாகிட்டதான் பால் வாங்கறீங்களா?” என்று ஹெட் கிளார்க் என்னைக் கேட்டார்.

“ஆமா சார். ஆனா சார், அவங்க உத்தரவைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்காங்க. அதைத்தான்...”

அவர் கடைக்காரரை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். “கோர்ட்டுச் சம்பளம் வாங்கிட்டு ஒரு கட்சிக்கு வீட்டு வாசல்ல நின்னு யோசனை சொல்லலாமா? விளக்கிச் சொல்லியாச்சு, கைநாட்டு வாங்கியாச்சு. பெஞ்சு கிளார்க் தப்பாச் சொன்னார்னு எழுதிக் குடுக்கறீங்களா?”

எப்படி எழுதிக் கொடுப்பேன்? அவர் தப்பாகச் சொல்லவில்லையே.

“அப்ப விடுங்க. இனிமே அந்தக் கேஸைப் பத்தி அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. இது ஆர்டர். நீங்க நிரந்தரம் ஆகாத ஆளு, ஞாபகம் இருக்கட்டும்.”

அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னது நியாயம்தான். ஒரு கட்சிக்கு வாசலில் ஒரு வார்த்தை, இன்னொரு கட்சிக்குச் சந்தில் ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தால், பிறகு கோர்ட்டு என்று ஒன்று எதற்கு? உத்தரவில் இருப்பதை எடுத்துச் சொல்வது வேறு, இப்படி நடந்துகொள் என்று வழி காட்டுவது வேறு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு மெல்லியது. காகிதத்தில் அது தெளிவாகத் தெரியும். பால் செம்போடு வாசலில் நிற்கும்போது தெரியாது.

அதற்குப் பிறகு வந்த காலைகளை எப்படிச் சொல்வது? வெங்கடம்மா என் முகத்தைப் பார்க்காமல் பால் ஊற்றுவாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்குவேன். பெஞ்சு கிளார்க் தன் பெண்ணின் கல்யாணத்துக்காக லீவில் போயிருந்தார். அவர் இருந்தால் அவரிடமாவது சொல்லலாம். சொன்னால் கோபிப்பாரோ? ஹெட் கிளார்க்கைத் தாண்டிப் போனதாக ஆகுமோ? இதையே ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“மாட்டுக்குச் சீக்குன்னா நான் பார்ப்பேன். இது கோர்ட்டுச் சீக்கு, உங்க ஆளுங்கதான் மருந்து குடுக்கணும்” என்றார் அவர். சிரிப்பதற்காகச் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று என்னைத் தின்றுகொண்டிருந்தது. நான் கவலைப்படுவது வெங்கடம்மாவுக்காகவா, என் பிள்ளையின் பாலுக்காகவா? மாடு போனால் அவனுக்கு என்ன கொடுப்பேன்? கடைக்காரர் சொன்ன பாசம் அதுதானோ? அவளிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டால் என் கை சுத்தமாகிவிடும், அப்போது தைரியமாகப் பேசலாம் என்று ஒரு நாள் தோன்றியது. டப்பாப் பால்மாவு வாங்கிக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தேன், பையன் துப்பிவிட்டான். துப்பாவிட்டாலும் நிறுத்தியிருப்பேனா? தவணை கட்ட வேண்டியவளின் வரும்படியில் ஒரு வீட்டைக் குறைத்துவிட்டு, அவளுக்காகப் பேசப் போகிறேன் என்பதும் வேடிக்கையாகத்தானே இருந்தது.

பத்தாம் தேதி வந்தது. பையனுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். நான் டைப் அடிக்கும் இடத்தில் ஜன்னல் வழியாகப் புளியமரம் தெரியும். வெங்கடம்மா அங்கே நின்றிருந்தாள். துவைத்த புடவை, தலையில் கனகாம்பரம். தப்பாமல் வந்துவிட்டேன் என்ற நிம்மதி அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. டபேதார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டபோதெல்லாம் நிமிர்ந்தாள். அவள் பெயர் வரவில்லை. எப்படி வரும்? அன்றைக்கு அவளுக்கு வாய்தாவே இல்லை. கட்ட வேண்டிய கெடு மட்டும்தான் இருந்தது.

எதிரே டீக்கடை பெஞ்சில் கடைக்காரரும் அவருடைய வக்கீல் குமாஸ்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். குமாஸ்தாவின் கையில் காகிதக் கட்டு. கவுண்டர் மூடினால் மனு உள்ளே வந்துவிடும். பசுக்களை ஜப்தி செய்யச் சொல்லும் மனுவாகத்தான் இருக்கும்.

என்னால் ஒரு வரி அடிக்க முடியவில்லை. எழுந்து போய் அவளிடம் சொல்லிவிடுவது எளிது. அந்த நிமிஷமே வேலை போகலாம், அது ஒரு பக்கம். ஆனால் என்னைத் தடுத்தது அந்தப் பயம் மட்டும் இல்லை. நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். வாசலில் ஒரு முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அவளுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்த வாய் வேறு. அதைத் திரும்ப வாங்க அந்த வாயால்தான் முடியும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

பெஞ்சு கிளார்க் அன்றைக்குத்தான் லீவு முடிந்து வந்திருந்தார். கேஸ் கட்டுகளை எடுக்க ஆபீசுக்குள் வந்தவரிடம் போய் நின்றேன்.

“சார், மரத்தடியில நிக்கிற வெங்கடம்மா பணம் கொண்டுவரல. நீங்க சொன்ன வாயிதாவைக் கோர்ட்டு வாய்தான்னு நினைச்சுக்கிட்டு வந்து நிக்கிறாங்க.”

“நான் பேசினது தெலுங்கு இல்லையா?”

“தெலுங்குதான் சார். அதனாலதான் பயமா இருக்கு.”

“புரிஞ்சுதான்னு கேட்டேன். புரிஞ்சுதுன்னு சொன்னாளே!”

“புரிஞ்சுதான்னு கேக்க வேண்டாம் சார். நீங்க என்ன சொன்னீங்கன்னு அவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. எனக்குப் பேசக் கூடாதுன்னு ஆர்டர். நான் கிட்டவே வரல.”

முறைத்துவிட்டுப் போனார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் மரத்தடியில் நின்று ஏதோ கேட்டார். வெங்கடம்மா சிரித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல, விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் கை நெற்றிக்குப் போய்விட்டது. திரும்பி வந்தவர், “அந்த ஃபைலை எடுங்கம்மா” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு முன்சீப்பிடம் போனார்.

கொஞ்ச நேரத்தில் டபேதார் வெங்கடம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். டீக்கடையிலிருந்து கடைக்காரரும் ஓடி வந்தார், பின்னால் அவருடைய வக்கீல். நான் ஹால் கதவோரம் நின்றேன்.

“இன்னைக்கு என்னம்மா கொண்டுவந்திருக்கே?” என்று முன்சீப் கேட்டார். இந்த முறை நிதானமாகப் பேசினார்.

“நானே வந்துட்டேன் சாமி” என்றாள்.

ஹாலில் சிரிப்பு எழுந்தது. முன்சீப் சிரிக்கவில்லை. பெஞ்சு கிளார்க்கைப் பார்த்தார். அவர் எழுந்து, வாயிதா என்ற சொல்லைத் தொடாமல், தெலுங்கில் சொன்னார். இன்று எட்டு ரூபாய் இந்தக் கட்டடத்துக் கவுண்டரில் கட்ட வேண்டும். ஒவ்வொரு பத்தாம் தேதியும் கட்ட வேண்டும். ஒரு தடவை கட்டாவிட்டாலும் மாடு போகும். வெங்கடம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“யுவர் ஆனர், உத்தரவு தெளிவாக இருக்கிறது. தவறினால் முழுத் தொகை” என்றார் கடைக்காரரின் வக்கீல்.

“தேதி இன்னும் முடியலையே” என்றார் முன்சீப். பிறகு அவளிடம் திரும்பி, “உனக்கு யாராவது பணம் தர வேண்டியிருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு சாமி. பால் ஊத்தற வூட்டுக்காரங்க.”

“போய் வாங்கிட்டு வந்து கட்டு. எந்த வீடு, தூரமா?”

அவள் கண் மெல்ல ஹாலைச் சுற்றியது. பெஞ்சு கிளார்க் மேல் கொஞ்சம் நின்றது. வாசலில் நின்ற ஹெட் கிளார்க் மேல் நின்றது. வக்கீல்கள் வரிசையில் ஓரிடத்தில் நின்றது. என் மேலும் நின்றது.

“சொல்லும்மா, எந்த வீடு?”

“அதை எப்பிடிங்க சாமி இங்க வெச்சுச் சொல்றது?”

முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் சாப்பிடப் போறேன்” என்று எழுந்தார். “கவுண்டர் திறந்திருக்கிற வரைக்கும் இன்னைக்குத் தேதி இருக்கு.”

அவர் உள்ளே போனதும் தாழ்வாரத்தில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெஞ்சு கிளார்க் முதலில் போனார். கல்யாணத்துக்காக வாங்கிய பால், ஊருக்குப் போன அவசரத்தில் கணக்கு முடிக்கவில்லையாம். ஒரு வக்கீல் தன் குமாஸ்தாவிடம் கைகாட்டினார். நான் பர்ஸைத் திறந்துகொண்டு நின்றேன், கால் நகரவில்லை. மாதாமாதம் பதினைந்தாம் தேதிக்கு மேல்தான் நான் பால் காசு கொடுக்கிற வழக்கம். இன்றைக்கு மட்டும் முன்னால் கொடுத்தால் ஒரு கட்சிக்குக் கை கொடுத்ததாக ஆகாதா?

ஹெட் கிளார்க் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கையிலும் ரூபாய் இருந்தது.

“சார், இது...” என்று இழுத்தேன்.

“பால் கணக்குதானேம்மா, கேஸ் இல்லையே. வாங்கின பாலுக்குக் காசு. குடுங்க” என்றார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, “என் வீட்டுல ரெண்டு மாசமாக் குடுக்கலையாம். எனக்கே இப்பத்தான் தெரியும்” என்று சேர்த்துக்கொண்டார்.

கவுண்டரில் பணம் விழுந்தது. ரசீதும் வந்தது. கடைக்காரர் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டே, “கோர்ட்டே சேந்து கடன் கட்டுது! இது தெரிஞ்சிருந்தா நானும் புண்ணாக்குக் கடைய மூடிட்டுப் பாலே ஊத்தியிருப்பேன்” என்றார்.

“ஊத்திப் பாருங்க சாமி” என்றாள் வெங்கடம்மா, ரசீதை மடித்துக்கொண்டே. “காசு எப்ப வருதுன்னு தெரியும்.”

கடைக்காரரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். பையனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

ஹெட் கிளார்க் அந்த விஷயத்தைப் பிறகு எடுக்கவே இல்லை. என் வேலைக்கும் ஒன்றும் வரவில்லை. பெஞ்சு கிளார்க் மட்டும் மாறிப்போனார். உத்தரவு சொல்லி முடித்ததும், “நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பார்க்கலாம்” என்று கட்சிக்காரரைக் கேட்பார். பல பேர் சொல்லும் பதிலில் ஹாலே அதிர்ந்துபோகும். அதனால் வேலை தாமதமாகிறது என்று வக்கீல்கள் இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள். நீங்கள் அவர் நாற்காலியில் உட்கார நேர்ந்தால் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘புரிந்ததா’ என்ற கேள்விக்கு, கோர்ட்டில் நிற்கிற எந்த ஏழையும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார். கேட்கிறவர் முகத்தைப் பார்த்தே பதில் வந்துவிடும்.

நான் செய்தது சரியா? ஆர்டரை மீறவில்லை, அவளிடம் பேசவில்லை. ஆனாலும் பிரதிவாதிக்காக ஒரு காரியம் நடக்க வைத்தேன் என்பதும் உண்மை. பால் வாங்காத வீட்டுக்காரியாக இருந்திருந்தால் அவளுடைய தவறு என் காதுக்கே வந்திருக்காது. அப்படிக் காதுக்கு வராமலே எத்தனை பேருடைய மாடு போயிருக்கும்? காதில் விழுந்துவிட்டால் அதைச் சொன்னவரிடமே கொண்டுபோங்கள், இரண்டு கட்சியும் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெங்கடம்மா அதற்குப் பிறகு ஒரு பத்தாம் தேதியைக்கூடத் தப்பவிடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் கட்டினாள். கடைசித் தவணையையும் கட்டினாள். கவுண்டரில் வழக்கம்போல ரசீது கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த மாதமும் பத்தாம் தேதி வந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன், புளியமரத்தடியில் நிற்கிறாள். முந்தானை முடிச்சில் பணம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போது கட்ட ஆரம்பிக்க வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் உத்தரவில் இருந்தது. முடிந்துவிட்டால் முடிந்தது என்று அவளிடம் சொல்ல அதில் ஒரு வரி இல்லை. அதை டைப் அடித்தவள் நான், எனக்கும் தோன்றவில்லை.

இந்த முறை யாரையும் கேட்கவில்லை. எழுந்து போய், டீக்கடைக்காரர், வக்கீல் குமாஸ்தாக்கள் எல்லோரும் பார்க்க மரத்தடியில் நின்று சொன்னேன்.

“வெங்கடம்மா, முடிஞ்சுபோச்சு. போன மாசமே முடிஞ்சுது. இனிமே நீ வர வேண்டாம்.”

“இன்னிக்குப் பத்தாந்தேதிதான?”

“ஆமா. பத்தாம் தேதிதான். ஆனா கட்ட வேண்டியது இல்லை.”

முடிச்சை அவிழ்த்துப் பணத்தைப் பார்த்தாள். “அப்ப இது யாருக்கு?”

“உனக்குத்தான்.”

“எதுக்கும் உள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றேங்கம்மா” என்று கவுண்டர் பக்கம் நடந்தாள். சரியாகத்தான் செய்தாள். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். திரும்பி வரும்போது பணத்தை மறுபடி முந்தானையில் முடிந்து, முன்னைவிட இறுக்கி இழுத்துக்கொண்டிருந்தாள்.